கம்போவின் அண்ணன்

கோழிப் பண்ணையில் ஆளை ஒளித்து வைப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. உள்ளே இருப்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கோழிச் சத்தம்தான் கேட்கும். அல்ஹாஜி பாவா இதையெல்லாம் யோசிக்காமல் செய்கிற ஆள் இல்லை. எங்கள் கடூனா நகரத்தில் கால்பந்து விளையாடத் தெரிந்த பையன்களைப் பிடித்து வளர்த்து விற்பதுதான் அவர் தொழில். ஆட்டக்காரர்கள் கிளப் மாறுகிற ஜனவரி மாதம் வந்துவிட்டால், தன் கிளப்பின் நல்ல ஆட்டக்காரனை வேறு எவனும் கொத்திக்கொண்டு போகாதபடி எங்காவது அடைத்துவிடுவார். அவரை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை, எல்லாக் கிளப்காரர்களும் செய்வதுதான். ஒருத்தர் மாமியார் வீட்டில் வைப்பார், ஒருத்தர் லாட்ஜில் வைப்பார். அல்ஹாஜிக்குக் கோழிப் பண்ணை இருந்தது.

இந்த வருஷம் அங்கே மாட்டியவன் உசைனி. ரிகாசாப் பேட்டையின் புழுதியில் வெறுங்காலோடு ஆரம்பித்தவன். இடது பக்க ஓரத்தில் பந்தோடு கிளம்பினால் எதிரில் நிற்பவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். மூன்று வருஷமாக அல்ஹாஜியின் கிளப்புக்கு ஓடிக்கொண்டிருந்தான். போன மாதம் ஜோஸ் நகரப் போட்டியில் அவன் ஆட்டத்தைப் பார்த்த, கிளப்புக்கு ஆள் தேடி வந்த பெல்ஜியம்காரர் ஒருவர் பேனாவை மூடவே மறந்துபோனார். அதிலிருந்து பிடித்தது சனி.

உசைனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுவரிலிருந்து சுவருக்கு நடந்தான், தீவன மூட்டையை உதைத்தான், கூரையைப் பார்த்தான், திரும்பவும் நடந்தான். காவலுக்கு இருந்த இரண்டு பேருக்கும் தாங்கவில்லை.

"டேய், நீ நடக்கிற நடையில கோழி முட்டை போடறதை நிறுத்திடுச்சு. கொஞ்சம் உக்காரேன்டா," என்றான் ஒருவன்.

"கதவைத் திற, உக்கார்றேன்."

"கதவைத் திறந்தா நீ எங்க உக்காருவே? பெல்ஜியத்துல போயில்ல உக்காருவே."

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு காவலாளி ஜும்ஆ தொழுகைக்குப் போனான். அந்த நேரம் பார்த்து கடன் வாங்கிய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான் உசைனியின் தம்பி கம்போ. கையில் ஒரு தூக்குச்சட்டி. அதில் அம்மா சுட்டுக் கொடுத்த மாசா, பணியாரம் மாதிரி உப்பி, மேலே மிளகாய்ப் பொடி தூவி. அம்மா ரிகாசா மார்க்கெட்டில் விற்கிற அதே மாசா. அதைச் சாப்பிட ஆரம்பித்த மனிதன் பாதியில் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. மிச்சமிருந்த காவலாளி சட்டியை மடியில் வைத்துக்கொண்டான். கம்போ அவனுக்குப் போக்குவரத்து நெரிசலைப் பற்றிச் சாவகாசமாகக் கதை சொன்னான். பின்பக்கம் உசைனி சுவரேறிக் குதித்தான்.

வழியில் வண்டியின் பின்னாலிருந்து உசைனி கேட்டான்: "உனக்கு இன்னைக்கு காலேஜ் இல்லையா?"

"இருந்துச்சு. அளக்கற கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நிக்கணும். அதுக்கு இது தேவலை." கம்போ பாலிடெக்னிக்கில் நில அளவைப் படிப்பு, முதல் வருஷம். அந்த வீட்டிலேயே பள்ளிக்கூடம் தாண்டிய ஒரே ஆள்.

"உனக்கு ஏதாவது ஆகியிருந்தா அம்மா என்னைக் கொன்னிருப்பாடா."

"பேசாம வா. வீட்டுக்கு மூத்தவன் நான், எல்லாம் பார்த்துக்குவேன்."

இது அவர்கள் வீட்டுப் பழைய கேலி. இந்தக் கேலியில்தான் கதையே இருக்கிறது, ஆகையால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

உசைனிக்கு நிஜமாக இருபத்தொரு வயது. காகிதத்தில் பதினெட்டு. வீட்டு வயது ஒன்று, பந்து வயது ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளாத ஆட்டக்காரனை எங்கள் பக்கம் விரல் விட்டு எண்ணிவிடலாம். இருபத்தொரு வயதுக்காரனை வெளிநாட்டுக்காரன் யோசித்துத்தான் வாங்குவான். பதினெட்டு என்றால் பறந்து வருவான். ஆகவே உசைனி கிளப்பில் சேர்ந்த அன்றே, பதினெட்டாக இருந்தவனை அல்ஹாஜி பதினைந்தாக்கினார். ஆக்கி, ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் அவன் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். அவசரத்தில் அம்மாவின் கையெழுத்தை வாங்கவில்லை.

அது ஒரு தப்பு. இரண்டாவது தப்பு இருக்கிறதே, அது எங்கள் ஹௌசா இனத்துக்காரர் ஒருவர் செய்யவே கூடாத தப்பு. உசைனிக்கு இரட்டைப் பிறவி ஒருத்தி உண்டு, ஹசானா, ஸாரியாவில் கட்டிக்கொடுத்து இரண்டு பிள்ளைகள். எங்களில் இரட்டையர் என்றால் ஹசனும் உசைனியும்தான், பெண்ணாயிருந்தால் ஹசானா. அவர்களை அடுத்துப் பிறக்கிற குழந்தைக்கு யாரும் உட்கார்ந்து பெயர் யோசிப்பதில்லை. கம்போ. அவ்வளவுதான். கம்போ என்று ஒருவன் இருந்தால் அவனுக்கு முன்னால் இரட்டையர் பிறந்தாயிற்று என்று கடூனாவில் கழுதைக்குக்கூடத் தெரியும். இந்தக் கம்போவுக்குப் பத்தொன்பது வயது. பள்ளிச் சான்றிதழிலும் அதே பத்தொன்பது. ஆகக் காகிதப்படி தம்பி அண்ணனைவிட ஒரு வயது மூத்தவன். "டேய் சின்னவனே, போய்த் தண்ணி கொண்டா," என்று அவன் அண்ணனை ஏவுவதும், உசைனி செருப்பை வீசுவதும் அந்த வீட்டில் தினசரி நடக்கிற கூத்து.

பண்ணையிலிருந்து தப்பியவன் நேராக ஏஜென்ட் எஃபோசாவிடம் போனான். எஃபோசா தெற்கே பெனின் நகரத்துக்காரன், நல்ல சட்டை போடுகிறவன், பேசும்போது கைக்கடிகாரத்தைத் தடவுகிறவன். பெல்ஜியம்காரர்களை உசைனியிடம் கொண்டு வந்தவனே அவன்தான். அல்ஹாஜி சும்மா இருப்பாரா? "இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அந்தக் கால் என்னோடது" என்று தலைநகர் அபூஜாவில் இருந்த கால்பந்துச் சங்க விசாரணைக் கமிட்டியில் புகார் கொடுத்துவிட்டார். தீர்ப்பு வராமல் உசைனி விமானம் ஏற முடியாது. பெல்ஜியம்காரர்களோ மாதக் கடைசிக்கு மேல் காத்திருக்க மாட்டோம் என்றார்கள்.

"பயப்படாதே தம்பி," என்றான் எஃபோசா. "பதினஞ்சு வயசுப் பையன் போட்ட கையெழுத்து செல்லாது. கூட அம்மா கையெழுத்தும் இல்லை. கேஸ் முடிஞ்சது."

"எனக்கு அப்ப பதினெட்டு, எஃபோசா."

"எந்த வயசைச் சொல்றே? வீட்டு வயசா, பந்து வயசா?"

எஃபோசா கைக்கடிகாரத்தைத் தடவினான்.

"வயசைக் குறைச்சது யாரு? அல்ஹாஜி. அவரே வந்து, 'ஐயா, நான் எழுதினது பொய், அவனுக்குப் பதினெட்டு'ன்னு சொன்னாத்தான் அந்த ஒப்பந்தம் செல்லும். சொன்னார்னா கிளப்பையே இழுத்து மூடிருவாங்க. தன் வாயைத் தானே தைச்சு வச்சிருக்கார் மனுஷன். நீ பதினெட்டுன்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் சொல்லாதே."

எஃபோசா நாலும் யோசித்தவன்தான். ஆனால் தெற்கத்திக்காரன். கம்போ என்ற பெயர் அவன் காதுக்கு வெறும் பெயர். விசாரணை நாளன்று "இவனைத் தனியா அனுப்ப மாட்டேன்" என்று அம்மா பிடிவாதம் பிடித்து கம்போவையும் காரில் ஏற்றியபோது, எஃபோசா தாராளமாகக் கதவைத் திறந்துவிட்டான். உசைனிக்காவது உறைத்திருக்க வேண்டும். அவனுக்கு அன்று காலையிலிருந்து பாதி மூளை பெல்ஜியத்தில் இருந்தது.

அபூஜாவில் மாடி அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், அலியு இங்காவா, கட்சினாக்காரர், எங்களைப் போல ஹௌசா ஆள். மெதுவாகப் பேசுகிற, மூக்குக் கண்ணாடியை அடிக்கடி துடைக்கிற மனிதர். அல்ஹாஜிக்கு லாகோஸிலிருந்து வக்கீல். வக்கீல் பேசினார், எஃபோசா பேசினான், திரும்ப வக்கீல் பேசினார். உசைனியின் கால் மேசைக்கு அடியில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. எஃபோசா தன் காலால் அதை மிதித்து நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் மற்றக் கால் ஆரம்பித்தது.

லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு இடைவேளை விட்டார்கள். உசைனி அவசரமாகத் தொழுதுவிட்டு மேலே வந்து ஜன்னல் பக்கம் நின்றான். கீழே வேப்பமர நிழலில் இன்னும் சிலர் தொழுதுகொண்டிருந்தார்கள். வரிசையில் தலைவர் இங்காவா. அவருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி, கம்போ.

தொழுகை முடிந்தது. பக்கத்தில் நின்றவனுக்குக் கை கொடுத்து, பேர் என்ன, எந்த ஊர், என்ன படிக்கிறே என்று விசாரிக்காமல் எங்கள் பெரியவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். தலைவர் கையைப் பிடித்தபடியே கேட்டார். கம்போ தலையைக் குனிந்து மரியாதையாகப் பதில் சொன்னான். அவர் வேறு ஏதோ கேட்டார். கம்போ சிரித்துக்கொண்டே மாடியைக் காட்டினான்.

உசைனி ஜன்னலை விட்டுப் பாய்ந்தான். படியிறங்கி ஓடினான். பாதிப் படியில் தலைவரே எதிரே வந்துவிட்டார். திரும்ப மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாரும் உட்கார்ந்ததும் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஹௌசா பாஷையில் கேட்டார்: "தம்பி, உனக்கு என்ன வயசுன்னு சொன்னே?"

"பதினெட்டுங்க."

"கீழே ஒரு பையன் என் பக்கத்துல தொழுதான். நல்ல பையன். பாலிடெக்னிக்ல படிக்கிறானாம், பத்தொன்பது வயசாம். பேர் கம்போன்னான். பந்து விளையாடற அண்ணனோட வந்திருக்கேன்னான். அவன் உனக்கு யாருப்பா?"

லாகோஸ் வக்கீலுக்கு ஹௌசா புரியவில்லை, பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். எஃபோசாவுக்குப் பாஷை புரிந்தது, கம்போ என்ற பேருக்குள் இருந்த விஷயம் புரியவில்லை. விஷயம் புரிந்தவர்கள் அந்த அறையில் மூன்று பேர். உசைனி அல்ஹாஜியைப் பார்த்தான். அல்ஹாஜி கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுப் பையனுங்க," என்றான் உசைனி. "எங்க பேட்டையில வயசு வித்தியாசம் பார்க்காம எல்லாரும் எல்லாரையும் அண்ணன்னுதான் கூப்பிடுவோம்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே தான் சொன்னது கேட்டது.

"அப்படியா. அவனைக் கூப்பிடுங்க," என்றார் தலைவர்.

கம்போ செருப்பை வெளியே விட்டுவிட்டு, புன்னகையோடு உள்ளே வந்தான். தொழுத இடத்து மண் இன்னும் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"இவர் உன்னைப் பக்கத்து வீட்டுப் பையன்னு சொல்றார். நீ அண்ணன்னு சொன்னே. எதுப்பா சரி?"

கம்போ உசைனியைப் பார்த்தான். உசைனி மேசையைப் பார்த்தான். தண்ணீர் டம்ளரின் வட்டமான ஈரக்கறை ஒன்று மேசையில் இருந்தது, அதையே பார்த்தான். கம்போ புத்திசாலி, ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. புன்னகை மட்டும் உடனே போக மாட்டேன் என்று முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

"அவர் சொல்றதுதான் சரிங்க," என்றான்.

தலைவர் அல்ஹாஜியிடம் திரும்பினார். "நீங்களும் கடூனாதானே அல்ஹாஜி? இந்தக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியுமா? எதுவும் சொல்லணும்னா இப்பவே சொல்லலாம்."

ஐயோ பாவம், அல்ஹாஜியின் முழி பிதுங்கியதைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வீட்டில் அவர் சாப்பிடாத நோன்புப் பெருநாள் கிடையாது. உண்மையைச் சொன்னால் ஆட்டக்காரன் கிடைப்பான், கிளப் போய்விடும். "எனக்கு அந்த வீட்டைத் தெரியாது," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

தலைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் இல்லை என்று இரண்டு பக்கமும் சாதிக்கும்போது அவர் என்ன செய்வார்? சாயந்திரம் தீர்ப்பு வந்தது. பதினைந்து வயதில், பெற்றவர் கையெழுத்தில்லாமல் போட்ட ஒப்பந்தம் செல்லாது. உசைனி போகலாம். மேல்முறையீடு செய்ய அல்ஹாஜிக்கு வெள்ளிக்கிழமை வரை நேரம். எஃபோசா அந்த இடத்திலேயே சனிக்கிழமைக்கு டிக்கெட் போடச் சொல்லி போன் செய்தான்.

திரும்பி வரும்போது எஃபோசா வழியெல்லாம் பாடினான். பின்சீட்டில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"கம்போ, எனக்கு வேற வழி தெரியலைடா."

"தெரியும். நான்தான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம உளறிட்டேன்."

"கோவமா?"

"இல்லை," என்றான் கம்போ. அதற்கப்புறம் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கவில்லை என்று உசைனிக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து ஒரே பாயில் படுத்தவர்கள்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எங்கள் தாய்மார் தலைப்பிள்ளையின் பெயரை வாயால் சொல்வதில்லை. அது கூச்சம், மரியாதை, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தொரு வருஷமாக அவள் உசைனியை "ஏய்", "இவனே" என்பாள், இல்லாவிட்டால் கம்போ வழியாகப் பேசுவாள். அன்றும் மாவைக் கலக்கிக்கொண்டே கம்போவிடம் சொன்னாள்: "அவனைக் கேளு. அந்தத் தலைவர் என்னைக் காட்டி யாருன்னு கேட்டிருந்தா, நானும் பக்கத்து வீட்டுக்காரிதானான்னு கேளு."

கம்போ கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, உசைனி இரண்டடி தள்ளித்தான் நின்றான்.

செவ்வாய்க்கிழமை அல்ஹாஜி வந்தார். கையில் வெற்றிலை பாக்கு மாதிரி மெல்லுகிற கோலாக் கொட்டை ஒரு பொட்டலம், முகத்தில் சிரிப்பு. தெரியாத வீட்டுக்கு வழி கேட்காமல் வந்து, எப்போதும் உட்காருகிற பாயில் உட்கார்ந்தார்.

"ஜெயிச்சுட்டே. நல்லது. கொட்டை எடுத்துக்கோ."

உசைனி எடுக்கவில்லை.

"உன் பேர் வைக்கிற நாள்ல தலைமுடி எடுத்த நாவிதர் இனுவா இன்னும் உயிரோடதான் இருக்கார். போய்ப் பார்த்தேன். கண்ணு மங்கிப்போச்சு, ஞாபகம் மங்கலை. ஒரே நாள்ல ரெண்டு தலை மழிச்சதையும், ரெண்டு வருஷம் கழிச்சு அதே வீட்டுல இன்னொண்ணு மழிச்சதையும் அழகாச் சொல்றார்."

"அவரைக் கூட்டிட்டுப் போனா நீங்களும்தான் மாட்டுவீங்க, அல்ஹாஜி."

"மாட்டுவேன். எனக்கு அறுபத்திரெண்டு வயசு, கோழிப் பண்ணை இருக்கு, முட்டை வித்துப் பொழைச்சுக்குவேன். நீ என்ன விப்பே?" அவர் ஒரு கொட்டையைக் கடித்தார். "எனக்கு உன்மேல பகை இல்லைடா. ஆளை வளர்த்தேன், ஆளு போயிட்டான். பதிலுக்கு ஒரு ஆளு வேணும். அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் இருக்கானே, நடுவுல நின்னு பந்தைப் பிரிச்சுக் கொடுக்கிறதைப் பார்த்திருக்கேன். அவனைக் கொடு."

இது புதுசில்லை. கம்போ மேல் அல்ஹாஜிக்கு ரொம்ப நாளாகக் கண். ஒவ்வொரு தடவையும் உசைனிதான் குறுக்கே நின்றான். அல்ஹாஜியின் பயிற்சி முகாமில் மூன்று வருஷம் இருந்தவனுக்கு அதன் லட்சணம் தெரியும். அங்கே போனால் கம்போவின் வயதும் குறையும், பெயர் மாறும். பதினாறு வயதுக்காரன் பாலிடெக்னிக்கில் எப்படி இருப்பான்? படிப்பு, சான்றிதழ், எல்லாவற்றுக்கும் முழுக்குத்தான்.

"அவன் படிக்கிறான். நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது."

"நீ எங்கே இருக்கப்போறே? சனிக்கிழமை போறே." அல்ஹாஜி எழுந்து அங்கியைத் தட்டிக்கொண்டார். "வியாழக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை விடிஞ்சா இனுவாவை அபூஜா காருல ஏத்திருவேன்."

அல்ஹாஜி போன பிறகு உசைனி முற்றத்தில் நடந்தான். கம்போ உள்ளே புத்தகத்தை விரித்து வைத்திருந்தான், பக்கம் திரும்பவில்லை.

புதன் முழுக்க உசைனியின் கால் தரையில் பாவவில்லை. எஃபோசாவைப் பார்த்தான். "கொடுத்துடு தம்பி. ரெண்டு வருஷம்தானே? நீ அங்க காலூன்றினதும் அவனையும் இழுத்துக்கலாம்," என்றான் எஃபோசா, கடிகாரத்தைத் தடவியபடி. உசைனி காறித் துப்பிவிட்டு வந்தான். மைதானத்துக்குப் போனான், பந்தை உதைக்காமல் திரும்பினான். ஹர்மத்தான் காற்று பாலைவனப் புழுதியைக் கொண்டு வந்து ஊர்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. உதடு வெடித்தது. பெல்ஜியம்காரர்கள் அனுப்பிய சட்டையை எடுத்துப் பார்த்தான். முதுகில் அவன் பெயர். மடித்து வைத்தான். மறுபடியும் எடுத்தான்.

வியாழக்கிழமை காலை ஒரு முடிவோடு கிளம்பினான். அபூஜா போவது, தலைவர் இங்காவா முன்னால் நிற்பது, அவன் என் தம்பி என்று சொல்லிவிடுவது. அப்புறம் அல்ஹாஜி கையில் மிரட்ட ஒன்றும் இருக்காது. பெல்ஜியமும் இருக்காது. போகட்டும். அவனுக்கு அந்த நேரத்தில் நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது, அதில் பொய்யில்லை.

கார் ஸ்டாண்டில் அபூஜா வண்டி நின்றது. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். உசைனி பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். இன்னும் ஒரே ஒரு ஆள் பாக்கி. தரகன் "அபூஜா ஒண்ணு, அபூஜா ஒண்ணு" என்று கத்திக்கொண்டிருந்தான். அந்த ஒரு ஆள் வரவில்லை. உடனே வந்து தொலைத்திருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும். உசைனி கையைப் பிசைந்தான். ஜன்னலை இறக்கினான், ஏற்றினான். வெயில் ஏறியது. இருபத்தொரு வயது, அவன் நினைத்தான். இங்கேயே இருந்தால் இன்னும் இரண்டு வருஷம் அல்ஹாஜியிடம். இல்லை, அல்ஹாஜிக்கே தடை என்றால் அதுவும் இல்லை. அப்புறம்? அம்மாவுக்கு மாசா சுட விறகு பிளக்கலாம். கம்போவும் பந்து ஆடுகிறவன்தானே, கம்போவுக்கும் பிடிக்கலாம், யார் கண்டது? இப்படி ஒரு நினைப்பு வந்ததும் அதைத் துரத்த முடியவில்லை.

ஒரு பருத்த அம்மாள் மூட்டையோடு வந்து முன்சீட்டில் ஏறினாள். டிரைவர் சாவியைத் திருகினான்.

"நிறுத்துங்க," என்றான் உசைனி. "வயிறு சரியில்லை."

"கொடுத்த பணம் திரும்ப வராது."

"வேண்டாம்."

இறங்கி வீட்டுக்கு நடந்தான். வீட்டு வாசலில் கம்போவின் செருப்பு இல்லை. உள்ளே பாய் சுருட்டிச் சுவரோடு நிறுத்தியிருந்தது. புத்தகங்கள் இருந்தன. துணிப்பை இல்லை.

அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை. அவள் அவனைப் பார்த்தாள். பிறகு, அவனைக் கேளு, அவனிடம் சொல்லு என்று சொல்வதற்கு யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதுபோல் அறையைச் சுற்றிப் பார்த்தாள். யாருமில்லை.

"உசைனி," என்றாள்.

அவன் பிறந்ததிலிருந்து அந்தக் குரலில் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. அறைந்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"கம்போ அல்ஹாஜிகிட்ட போயிட்டான். நீ காலையில வெளியே போனே. உனக்காகக் கொஞ்ச நேரம் வாசல்ல நின்னு பார்த்தான். அப்புறம் போயிட்டான்."

"நான் அபூஜா போகத்தான் கிளம்பினேன்மா. எல்லாத்தையும் சொல்லிடலாம்னு…"

"போனியா?"

அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். வெள்ளிக்கிழமை முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. நாவிதர் இனுவா எந்தக் காரிலும் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை எஃபோசாவின் கார் பெட்டியோடும் பாஸ்போர்ட்டோடும் வந்தது. ஊர் எல்லையில் அல்ஹாஜியின் மைதானத்தைத் தாண்டும்போது உசைனி கதவுப் பிடியில் கை வைத்தான்.

"நிறுத்து."

"நேரமில்லை தம்பி."

"நிறுத்துடா."

புழுதி மூட்டத்தில் சூரியன் தெரியவில்லை. பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் பதினாலு பதினஞ்சு வயதுக்காரர்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு தலை உயரத்தில், மற்றவர்கள் மாதிரியே மஞ்சள் பனியனில், கம்போ. பந்தை வாங்கினான், நிமிர்ந்து பார்த்து, அழகாகப் பிரித்துக் கொடுத்தான். உசைனி காரிலிருந்து இறங்கி மைதானத்துக்குள் நடந்தான்.

"கம்போ," என்று கூப்பிட்டான்.

பையன்கள் நின்றார்கள். கம்போ திரும்பவில்லை. அல்ஹாஜி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"இங்க கம்போன்னு யாருமில்லை. அந்தப் பையனைச் சொல்றியா? அவன் பேர் பஷீர். பதினாறு வயசு."

"அவனை விட்டுடுங்க, அல்ஹாஜி. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"விடறதுக்கு நீ யாருடா கேக்கறே?" அல்ஹாஜி குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டார். "இந்தப் பையனுக்கு நீ யாரு? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

எல்லாரும் பார்த்தார்கள். கம்போவும் இப்போது பார்த்தான். சாலையில் எஃபோசா ஹார்ன் அடித்தான். ஒரு சொல், தம்பி என்கிற ஒரே ஒரு சொல், உசைனியின் நாக்கு நுனி வரை வந்தது. எஃபோசா மறுபடியும் ஹார்ன் அடித்தான். உசைனி வாயை மூடிக்கொண்டான்.

அல்ஹாஜி பையன்கள் பக்கம் திரும்பினார். "பசங்களா, நம்ம கிளப்புல இருந்து பெல்ஜியம் போறவர். வரிசையா வந்து கை கொடுங்க. நாளைக்கு நீங்களும் போகணும்."

பையன்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு நீட்டினான். ஒருவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். ஒருவன் எத்தனை கோல் போடுவீங்க என்று கேட்டான். கம்போ அவன் முறை வரும்வரை வரிசையில் நின்றான். வந்ததும் மற்றவர்களைப் போலவே குனிந்து, இரண்டு கையாலும் உசைனியின் கையைப் பிடித்தான்.

"போயிட்டு வாங்க சார்," என்றான். "நல்லா விளையாடுங்க."

உசைனி அந்தக் கையை விடவில்லை. பின்னால் நின்ற பையன்கள் பொறுமையில்லாமல் தள்ளினார்கள். கம்போ கையை உருவிக்கொண்டு நகர்ந்தான், அடுத்தவன் கையை நீட்டினான்.